ஃப்ராய்டும் பெண்மையும்: பலரும் சறுக்கும் இடங்கள்

'பெண்மை பற்றி ஃப்ராய்ட் ஒன்று சொன்னார். பின்னால் வந்த பெண்ணியவாதிகள் அதை மறுத்தார்கள்.' பல கட்டுரைகளில் கதை இப்படி இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. இந்தக் கதையில், ஃப்ராய்ட் உருவாக்கிய உளப்பகுப்பாய்வு (மனதை ஆராய்ந்து சிகிச்சை தரும் முறை) துறைக்குள்ளேயே இருந்து அவரை மறுத்த காரென் ஹார்னைக்கு இடமே இல்லை.

1922இல் பெர்லினில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில் ஹார்னை கட்டுரை வாசித்தார். அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ஃப்ராய்ட். ஆண்குறி தனக்கு இல்லையே என்று பெண் ஏங்குகிறாள் என்பது ஃப்ராய்டின் கருத்து. அந்த 'ஆண்குறிப் பொறாமை' என்பதே பொய் என்று ஹார்னை சொல்லவில்லை. மனித குலத்தில் பாதிப் பேர் தங்கள் பிறப்பை நினைத்துக் குறைபட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற முடிவு பெண்களின் தன்மதிப்புக்கு மட்டுமல்ல, உயிரியலுக்கும் ஒத்துவராது என்றார். பெண்ணியத்தின் முக்கிய நூலான சிமோன் த பொவாரின் 'இரண்டாம் பால்' வந்தது 1949இல்தான். மறுப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது.

1926இல் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு பட்டியல் போட்டார். ஒரு பக்கம், சின்னப் பையன் சிறுமியைப் பற்றி நினைப்பவை: அவளுக்கும் தன்னைப் போலவே இருக்கும்; இல்லையென்றால் வெட்டிவிட்டார்கள்; அது தண்டனை; அதனால் அவள் ஒரு படி கீழே. மறுபக்கம், பெண் வளர்ச்சி பற்றி உளப்பகுப்பாய்வு சொல்பவை. இரண்டும் வரிக்கு வரி பொருந்துகின்றன! அதாவது, பெண்ணைப் பற்றிய கோட்பாடு சின்னப் பையனின் பார்வைதான் என்கிறார். ஹார்னையைப் பற்றி எழுதுகிறவர்கள் 'கருப்பைப் பொறாமை' (பிள்ளை பெறும் திறனைப் பார்த்து ஆண்கள் கொள்ளும் பொறாமை) என்ற சொல்லோடு நின்றுவிடாமல், இந்தப் பட்டியலையும் காட்ட வேண்டும். அவருடைய வாதத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், எலெக்ட்ரா சிக்கலை (மகள் தந்தையிடம் ஈர்ப்புக் கொண்டு தாயைப் போட்டியாகப் பார்ப்பது) ஃப்ராய்ட் பெயரில் எழுதுவதும் தவறு. அந்தப் பெயரை 1913இல் வைத்தவர் சுவிஸ் உளவியலாளர் யுங். ஃப்ராய்ட் அதை ஏற்கவில்லை. பெண் குழந்தையின் முதல் பிடிப்பும் தாயிடம்தான், எனவே பையனின் கதையை (தாய் மேல் ஈர்ப்பு, தந்தையோடு போட்டி) அப்படியே திருப்பிப் போட முடியாது என்று 1931இல் விளக்கினார். இத்தனைக்கும் தொடக்கத்தில் இரு கதைகளையும் இணையாகவே பார்த்தவர் அவர். அவருடைய 1925 கட்டுரையில்தான் பாதை மாறுகிறது. அதனால் 'ஃப்ராய்ட் சொன்னார்' என்று எழுதினால் பக்கத்திலேயே ஆண்டையும் போடுங்கள்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிப்பதும் சரியில்லை. ஹெலன் டாய்ச், ழான் லாம்ப்ல்-தெ குரூட் என்ற பெண் உளப்பகுப்பாய்வாளர்கள் இருவரும் ஃப்ராய்டோடு நின்றார்கள். எதிர்த்து எழுதியவர்களில் பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் எர்னஸ்ட் ஜோன்ஸ் என்ற ஆண் முக்கியமானவர்.

இன்னொரு தவறைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம். ஃப்ராய்ட் என்றால் உடல், அவரை விமர்சித்தவர்கள் என்றால் சமூகம் என்று நினைத்துக்கொள்கிறோம். 'உடற்கூறே விதி' என்று அவர் 1924இல் எழுதியதும் உண்மைதான். ஆனால் பெண் என்றால் என்ன என்று விவரிப்பது தன் வேலையல்ல, ஒரு குழந்தை எப்படிப் பெண்ணாகிறாள் என்று கேட்பதே வேலை என்று 1933இல் எழுதியவரும் அவர்தான். பெண்மை பிறவியிலேயே இருக்கிறது என்று வாதாடியது ஜோன்ஸ். ஹார்னை இரண்டையும் பிடித்துக்கொண்டார்: பிறவிப் பெண்மையும் உண்டு, பெண்ணைத் தாழ்த்தும் ஆண்களின் பண்பாடும் உண்டு. 1935இல் ஜோன்ஸ் வியன்னாவுக்கே போய், ஃப்ராய்டின் ஆட்கள் முன்னால், பெண் பிறக்கிறாளா, ஆக்கப்படுகிறாளா என்று கேட்டுத் தன் உரையை முடித்தார். அந்த அவையில் 'ஆக்கப்படுகிறாள்' என்ற பக்கம் நின்றது ஃப்ராய்டின் தரப்பு.