பிரெஞ்சுப் பிரதிப்பெயர்கள்: வேற்றுமை உருபை வைத்தே பிடித்துவிடலாம்

பிரெஞ்சு படிக்க ஆரம்பிப்பவர்கள் பலரும் வினைச்சொற்களை மனப்பாடம் செய்துவிட்டு, ‘அவனை’, ‘அவளுக்கு’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் தடுமாறுகிறார்கள். இதில் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு சாதகம் உண்டு. நம் ‘ஐ’யும் ‘கு’வும் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எழுவாயை விடாதீர்கள்

“நாளைக்கு வருகிறேன்” என்றாலே வருவது நான் என்று தெரிந்துவிடும். பிரெஞ்சில் அப்படி முடியாது. ‘பார்லே’ என்றால் பேசுவது. ஜெ பார்ல் (நான்), த்யூ பார்ல் (நீ), இல் பார்ல் (அவன்), எல் பார்ல் (அவள்). காதுக்கு வினை நான்கிலும் ஒன்றேதான். அதனால் முன்னால் வரும் சொல்லை விழுங்கிவிட்டால், யார் பேசுவது என்றே கேட்பவருக்குப் புரியாது.

நாம், நாங்கள் இரண்டுக்கும் ‘நூ’. அன்றாடப் பேச்சில் அதைவிட ‘ஓன்’தான் அதிகம் காதில் விழும். அதற்கு வினை ‘இல்’லுக்கு வருவதுபோலவே வரும்: ஓன் பார்ல்.

படி 2: நீயா, நீங்களா?

த்யூ என்றால் நீ. வூ என்றால் நீங்கள். கடைக்காரர், மருத்துவர், முன்பின் தெரியாதவர் எல்லோருக்கும் வூ. அவர்களாகவே ‘த்யூ என்று பேசலாமே’ என்று சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் கணக்கு வேறு. பிரான்சில் பெரும்பாலான பிள்ளைகள் அப்பா அம்மாவிடம் த்யூ என்றுதான் பேசுகிறார்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ‘அவர்’ என்பதற்கும் தனிச்சொல் கிடையாது. ஆசிரியரைப் பற்றிச் சொன்னாலும் இல் அல்லது எல்தான்.

படி 3: பொருளுக்கும் ஆண்பால், பெண்பால்

புத்தகம் (லெ லீவ்ர்) ஆண்பால், சாவி (லா க்ளே) பெண்பால். “ஊ எ லா க்ளே?” (சாவி எங்கே?) என்று கேட்டால், பதில் “எல் எ லா” (அங்கே இருக்கிறது). பெயர்ச்சொல்லைப் படிக்கும்போதே, அதன் பாலைக் காட்டும் முன்சொல்லான லெ (ஆண்பால்), லா (பெண்பால்) இவற்றோடு சேர்த்துப் படியுங்கள்.

படி 4: ‘ஐ’யா, ‘கு’வா?

முக்கியமான இடம் இதுதான். சொல்ல நினைப்பதை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

‘ஐ’ வந்தால்: அவனை – லெ, அவளை – லா, அவர்களை – லே.
‘கு’ அல்லது ‘இடம்’ வந்தால்: அவனுக்கு, அவளுக்கு இரண்டுக்குமே லுயி, அவர்களுக்கு – லெர்.

அவனைப் பார்க்கிறேன்: ஜெ லெ வுவா. அவளிடம் பேசுகிறேன்: ஜெ லுயி பார்ல். அவளுக்குப் போன் செய்கிறேன்: ஜெ லுயி தெலெஃபோன். அப்படியே பொருந்துகிறது, இல்லையா?

சரி, பொருந்தாத இடங்களும் உண்டு. அவனுக்கு உதவுகிறேன், அவனுக்கு நன்றி சொல்கிறேன், அவனுக்காகக் காத்திருக்கிறேன் – இந்த மூன்றிலும் தமிழில் ‘கு’ இருக்கிறது, பிரெஞ்சிலோ லெதான் வரும்: ஜெ லெத், ஜெ லெ ரெமெர்சி, ஜெ லத்தான். (உயிரொலிக்கு முன் லெ, லா இரண்டும் வெறும் ‘ல்’ ஆகி ஒட்டிக்கொள்ளும்.) விதியைவிட இந்த மூன்றையும்தான் நோட்டில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்வேன்.

படி 5: எங்கே வைப்பது?

வினைக்கு முன்னால். எதிர்மறையிலும் அது நகராது: ஜெ ந லெ வுவா பா (அவனைப் பார்க்கவில்லை). இரண்டு வினை வந்தால் இரண்டாவதற்கு முன்னால்: ஜெ வெ லெ வுவார் (அவனைப் பார்க்க விரும்புகிறேன்). ‘செய்’ என்று சொல்லும் கட்டளையில் மட்டும் (‘செய்யாதே’ என்பதில் அல்ல) வினைக்குப் பின்னால் போகும்: ரெகார்த்-லெ (அவனைப் பார்).

இப்போது நீங்களே செய்து பாருங்கள். அவளுக்கு ஒரு புத்தகம் கொடுக்கிறேன், அவளுக்கு உதவுகிறேன், அவர்களைப் பார்க்கிறேன். எதற்கு எது வரும்?

விடை: லுயி, ல், லே.