டர்பைன் லாரியை ஜீரோ கேட் க்யூவில் நிறுத்திப் பாருங்கள்

திருவொற்றியூரில் எங்களுக்குச் சொந்தமாகச் சில நாற்பதடி ட்ரெய்லர்கள் ஓடுகின்றன. வண்டி வீட்டுக்காரர் பொறுப்பு, டீசல் நோட்டு என் பொறுப்பு. கேஸ் வண்டி, பேட்டரி வண்டி என்று யாராவது ஒருவர் வழவழப்பான காகிதத்தோடு வந்துகொண்டே இருக்கிறார். அந்தக் காகிதத்தை எப்படிப் படிப்பது என்று எங்கள் லைனில் இருக்கும் சின்ன ஓனர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. பயிற்சிக்கு, காகிதத்தில் பிரமாதமாக இருந்து ரோட்டில் தேறாத ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்: கேஸ் டர்பைன் லாரி, அதாவது எண்ணெய் எரித்த சூடான வாயு சக்கரத்தைச் சுற்ற, அதனால் ஓடும் லாரி.

முதலில் விற்பவர் சொல்லும் நல்லதை எல்லாம் மனசு வைத்து எழுதுங்கள். ஆரம்பத்திலேயே குறை தேடினால் கணக்கு கோணலாகிவிடும். 1950-ல் அமெரிக்காவில் போயிங் கம்பெனியின் டர்பைனை ஒரு கென்வொர்த் லாரியில் பொருத்தி ஓட்டினார்கள். 175 குதிரைசக்தி, எஞ்சின் எடை சுமார் 90 கிலோதான். அதே சக்தி தரும் அந்தக் காலத்து டீசல் எஞ்சின் ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். 1964-ல் ஃபோர்டு 'பிக் ரெட்' என்று ஒன்றைச் செய்தது. 600 குதிரைசக்தி, 13 அடி உயரம், உள்ளே கழிப்பறை, டிவி, சாப்பாடு சூடாக்க அடுப்பு. 1965-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'டர்போ டைட்டன் 3' விட்டது. அதில் ஸ்டீயரிங் வீலே கிடையாது, இரண்டு கைக்கும் இரண்டு சின்னத் திருகு வட்டுகள். நம் டிரைவர்களிடம் அதைக் காட்டினால் என்ன சொல்வார்கள் என்று இங்கே எழுத முடியாது.

இங்கிலாந்து லேலண்டும் 1968-ல் லண்டன் கண்காட்சியில் டர்பைன் லாரி நிறுத்தியது. எண்ணூர்க்காரர்களுக்கு இது பக்கத்து வீட்டுச் சங்கதி. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது அந்தக் கம்பெனியோடு சேர்ந்துதான். ஆனாலும் அவர்களுடைய எண்ணூர் ஃபேக்டரி கேட்டைத் தாண்டி வந்ததில் பெரும்பாலும் டீசல் வண்டிதான்.

டர்பைனில் பிஸ்டன் இல்லை, ரேடியேட்டர் இல்லை, உதறலும் இல்லை. டீசல், மண்ணெண்ணெய் எது ஊற்றினாலும் எரியும். நின்ற இடத்திலிருந்து இழுக்கும்போதுதான் அதன் முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும். இவ்வளவும் உண்மை. சரி, இப்போது பேனாவை எடுங்கள்.

ஒரு தாளில் உங்கள் வண்டியின் ஒரு நாளை மணிக்கணக்காக எழுதுங்கள். எங்கே ஓடுகிறது, எங்கே ஊர்கிறது, எங்கே எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கிறது என்று மூன்று கட்டம் போதும். மணலி சி.எஃப்.எஸ்.ஸில், அதாவது கன்டெய்னர் கிடங்கில், பெட்டி ஏற்றிச் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் போக வேண்டும். தூரம் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் க்யூ விழுந்துவிட்டால் காசிமேடு தாண்டுவதற்குள் பொழுது போய்விடும். முன்வண்டி பத்தடி நகரும், நீங்களும் பத்தடி நகர வேண்டும். எஞ்சினை அணைத்தால் நடுவில் எவனாவது மூக்கை நுழைப்பான். அதனால் அணைக்க மாட்டார்கள்.

இந்த மூன்றாவது கட்டத்தில்தான் டர்பைன் விழுந்தது. காரணத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். டிப்ளமோவில் இதை வரைந்து மார்க் வாங்கியவள், எனக்கு ஆசை விடாது.

டர்பைனில் ஒரு கம்ப்ரசர் சக்கரம் காற்றை இழுத்து அழுத்தும். அதில் எண்ணெய் தெளித்து எரிப்பார்கள். சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுற்றும், அந்தச் சக்கரம்தான் கம்ப்ரசரையும் சுற்ற வேண்டும். அதில் மிஞ்சிய வாயு தனித் தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரத்தைச் சுற்றும், வண்டி நகர்வது அதனால். வண்டி நின்றாலும் முதல் ஜோடி நிற்கக் கூடாது, வேகம் ரொம்பக் குறையவும் கூடாது. கிறைஸ்லர் 1963 முதல் 1966 வரை மக்களிடம் ஓட்டக் கொடுத்த டர்பைன் காரில் உச்ச வேகம் நிமிடத்துக்கு 44,500 சுற்று. சும்மா நிற்கும்போதே 18,000 முதல் 22,000 சுற்று. கிட்டத்தட்ட பாதி. நம் டீசலோ அறுநூற்றுச் சொச்சத்தில் முனகிக்கொண்டு நிற்கும். சுற்று வேகத்தைக் குறைத்து வைத்தால் மிதித்ததும் எழும்பாது, ஓரிரு நொடி தாமதமாகும். கூட்டி வைத்தால் எண்ணெய் போகும். இரண்டில் ஒன்று.

கண்ணால் பார்க்க அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கி இருக்கிறது. 1,500 குதிரைசக்தி டர்பைன். சும்மா நிற்கவே மணிக்குச் சுமார் 10 அமெரிக்க காலன், அதாவது 38 லிட்டர். அரசாங்கம் ஊற்றும், நமக்கு யார் ஊற்றுவது?

மாறாக, ஹைவேயில் முழு லோடோடு ஒரே வேகத்தில் போனால் டர்பைனை அவ்வளவாகத் திட்ட முடியாது. பிக் ரெட் 280 காலனில் 600 மைல் போகும் என்றார்கள். நம் கணக்கில் லிட்டருக்கு 0.9 கிலோமீட்டர். கேட்க மோசம்தான், ஆனால் மொத்த எடை 77 டன். அந்தக் காலத்துக்கு அது கேவலம் இல்லை. ஒரே மைலேஜ் எண்ணை வைத்து முடிவு எடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஓடும்போது எவ்வளவு, நிற்கும்போது எவ்வளவு என்று இரண்டு எண் கேளுங்கள்.

உங்கள் வண்டியின் நிற்கும் எண்ணை நீங்களே எடுக்கலாம். பங்க்கில் டேங்க் கழுத்து வரை நிரப்புங்கள், நுரை அடங்கும் வரை பொறுத்து மறுபடி ஊற்றுங்கள். பங்க்கை ஒட்டியே வண்டியைச் சில மணி நேரம் ஓட்டாமல் ஆனில் விடுங்கள். அப்புறம் அதே பம்ப், அதே இடம், வண்டி அதே பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். மறுபடி கழுத்து வரை. ஊற்றிய லிட்டரை மணியால் வகுத்தால் விடை. ஏசி போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை. பெரிய டீசலுக்கு மணிக்கு இரண்டு, மூன்று லிட்டருக்குள் வரும். அதற்கு மேல் போனால் வேறு கோளாறு இருக்கிறது, மெக்கானிக்கைப் பாருங்கள்.

அடுத்த கேள்வி, அந்தச் செலவைக் குறைக்க என்ன மாட்டியிருக்கிறார்கள், அது எத்தனை நாள் உழைக்கும்? டர்பைன்காரர்கள் புகைச் சூட்டை வீணாக்காமல் உள்ளே வரும் காற்றுக்கே திருப்பிக் கொடுக்க வெப்பமாற்றி வைத்தார்கள். லேலண்டில் அது மெதுவாகச் சுற்றும் பீங்கான் வகை வட்டு. ஒரு பக்கம் கொதிக்கும் புகை, மறுபக்கம் அழுத்தக் காற்று, நடுவே சீல். அந்த வட்டும் சீலும்தான் அவர்களுக்குத் தீராத தலைவலியாக இருந்தன.

நம் பக்கத்துக் காற்றையும் சேர்த்துப் பாருங்கள். உலோகம் தாங்கும் அளவுக்குச் சூட்டைத் தணிக்க, டர்பைன் எரிவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு காற்றை விழுங்கும். எண்ணூரில் அந்தக் காற்று என்ன? உப்பு, நிலக்கரித் தூசு, அனல்மின் நிலையச் சாம்பல். கம்ப்ரசர் இறக்கையில் படிந்தால் அன்றே சக்தி குறையும்.

பிரேக் பற்றியும் கேளுங்கள். சக்கரத்தைச் சுற்றும் தண்டுக்கும் கம்ப்ரசருக்கும் பிடிப்பே இல்லாததால், காலை எடுத்தால் டர்பைன் வண்டியை இழுத்துப் பிடிக்காது. ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு தண்டையும் இணைக்கத் தனி ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. சென்னையில் இது தெரியாது. பெங்களூரில் இறக்கிவிட்டுச் சேலத்துக்கு லோடு பிடித்தால், தொப்பூர் இறக்கத்தில் தெரியும்.

ரிப்பேர் பற்றி ஒரு வரி போதும்: அந்தச் சூட்டைத் தாங்க நிக்கல் கலப்பு உலோகம் வேண்டும், அதை நம் பட்டறையில் வெல்டு வைக்க ஆள் இல்லை. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் மிச்சமிருந்த ஆசையும் போனது. அதற்குள் டீசலே டர்போ மாட்டி வலுவாகிவிட்டது.

இப்போது உங்கள் மேஜையில் இருக்கும் காகிதத்துக்கு வாருங்கள். பேட்டரி வண்டி க்யூவில் நிற்கும்போது எஞ்சினுக்கென்று எதுவும் எரிக்காது, ஏசிக்கு மட்டும் கொஞ்சம். நிற்கும் கட்டத்தில் அது டீசலை ஜெயிக்கும், அதை ஒப்புக்கொண்டு சார்ஜ் போடும் இடத்தையும் நேரத்தையும் கேளுங்கள். எல்.என்.ஜி. வண்டியில் கேள்வி வேறு. மைனஸ் 162 டிகிரியில் திரவமாக இருக்கும் வாயு, நின்றால் மெல்லச் சூடாகி அழுத்தம் ஏறும், ஒரு கட்டத்தில் வால்வு திறந்து வெளியே போகும். மார்கழிப் புயலில் துறைமுகம் மூடினால் வண்டி நாள்கணக்கில் கிடக்கும். "டேங்க் நிறைந்த வண்டி எத்தனை நாள் வால்வு திறக்காமல் நிற்கும்?" என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, கொட்டேஷனிலேயே எழுதிக் கையெழுத்து போடச் சொல்லுங்கள்.