பிள்ளைக்கு வண்டியில் அடிபட்டால், கையெழுத்துப் போடும் முன்

தேவகோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் ஆபீசில் விபத்து வழக்குகள்தான் அதிகம். பிள்ளைக்கு அடிபட்ட வழக்குக் காகிதக் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். பெற்றவர்கள் அவசரப்பட்டு விட்டுக்கொடுப்பது அதில்தான்.

இந்தப் பக்கம் இடித்த வண்டி பெரும்பாலும் தெரிந்தவர் வண்டியாக இருக்கும். பங்காளி வீட்டுக் கார், புதுவயல் அரிசி ஆலைக்குப் போகிற லாரி, தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் பின்னால் வந்த வேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நாலு பெரியவர்கள் வந்து நிற்பார்கள். "செலவை நாங்க பாத்துக்கிறோம் ஆச்சி, கேஸு கீஸுன்னு போகாதீய" என்பார்கள். பேசி முடித்துக்கொண்டோம் என்று எழுதிய தாளும் கையில் இருக்கும். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் நஷ்டஈடு தரப்போவது கம்பெனி, அந்த மனிதர் அல்ல. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பல வீடுகளில் உறவும் கெடுவதில்லை, வண்டிக்காரரே பாலிசி நகலைக் கொண்டுவந்து தருகிறார்.

பிள்ளையின் எலும்பு வளருகிற எலும்பு. அதன் நுனிப்பக்கம் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. முறிவு அங்கே விழுந்தால் இன்றைக்குக் கூடிவிடும், ஆனால் போகப்போக ஒரு கால் குட்டையாகலாம், வளையலாம். எட்டு வயதில் "சரியாப் போச்சு" என்று பேசி முடித்த காலுக்குப் பன்னிரண்டு வயதில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லும்போது, வாங்கிய பணம் செலவாகியிருக்கும், திரும்பக் கேட்கவும் வழி இருக்காது. அதனால் கட்டுப் போட்ட டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள்: வளர்ச்சித் தட்டில் அடி உண்டா, பின்னால் என்ன சிகிச்சை வரலாம், எவ்வளவு ஆகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எதிர்கால மருத்துவச் செலவு கேட்க அதுதான் ஆதாரம்.

இனி முதல் நாள். 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. அடுத்ததைக் கவனமாகக் கேளுங்கள்: ஆஸ்பத்திரியில் 'ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர்' எழுதுவார்கள். பதற்றத்தில் யாராவது "கீழே விழுந்துட்டான்" என்று சொல்லிவிட்டால் அது அப்படியே பதிவாகும். பின்னால் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியை வைத்துத்தான் குறுக்கு விசாரணை செய்வார். எந்த வண்டி, என்ன நம்பர், எந்த இடம் என்று சொல்லி எழுத வையுங்கள்.

புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள், விபத்து நஷ்டஈட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டியது போலீஸ் பொறுப்பு. போயிற்றா என்று விசாரியுங்கள். பிறகு விபத்து நடந்த இடத்தின் மாதிரி வரைபடம், அந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை, வண்டியின் ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி இவற்றின் நகல்கள் வேண்டும். மருந்துக்கடை ரசீது, மதுரைக்குப் போய்வந்த கார் வாடகை, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். பிறப்புச் சான்றும் பள்ளி லீவு விவரமும் சேரட்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் மனு. விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்தில் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பிள்ளைக்காக அம்மாவோ அப்பாவோ காப்பாளராக நின்று போட வேண்டும். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்றாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு சொல்வது பிறகு நடக்கட்டும். மனு முதலில் உள்ளே போகட்டும்.

அப்பா பைக்கில் வந்த பிள்ளை என்றால் "அப்பா மீதும் தப்பு" என்று கம்பெனி சொல்லும். இரண்டு வண்டி மீதும் தப்பு இருந்தாலும், எதிர் வண்டியிடமே முழுத் தொகையையும் கேட்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு. இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் வேறு திட்டம்: கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று யாரும் திரும்பிப் போக வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம். 15100-க்குப் போன் செய்யுங்கள். வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று பேசுகிற புரோக்கரை வீட்டுக்குள் விடாதீர்கள். வக்கீல்களே அப்படிப் பங்கு பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி.

எவ்வளவு கேட்பது? 2013-ல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளுக்கு ஓர் அளவு சொன்னது: 10 சதவீதம் வரை ஊனம் என்றால் 1 லட்சம், 30 வரை 3 லட்சம், 60 வரை 4, 90 வரை 5, அதற்கு மேல் 6. சிகிச்சைச் செலவும் உதவியாள் செலவும் தனி. கம்பெனி இந்தத் தீர்ப்பைத்தான் நீட்டும். அதோடு நிற்காதீர்கள். 2020-ல் ஒரு 12 வயதுச் சிறுமிக்கு அதே நீதிமன்றம் 62 லட்சத்துக்கு மேல் கொடுத்தது; ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்தது. பிள்ளைக்கு வருமானம் ஏது என்று கேட்டால், தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று 2025-ல் சொல்லிவிட்டது. அந்தக் கூலிக்கான அரசாணையை மனுவோடு வையுங்கள்.

இரு தரப்பும் சமரசம் பேசி வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) முடித்தால் மேல்முறையீடு கிடையாது. ஊனச் சான்று கைக்கு வராமல் அங்கே சம்மதிக்க வேண்டாம். தீர்ப்பாயத் தொகை குறைவாகத் தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம்.

பிள்ளையின் பங்கை 18 வயது வரை வங்கியில் டெபாசிட் செய்ய உத்தரவாகும். நடுவில் ஆபரேஷனுக்கோ படிப்புக்கோ தேவைப்பட்டால் டாக்டர் மதிப்பீட்டையோ கல்லூரிக் கட்டண ரசீதையோ வைத்து அதே தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு எடுக்கலாம்.