தூங்க வைக்கிற நேரத்துக்கு ஒரு டார்ச் விளையாட்டு

சின்னக் குழந்தை இருக்கற அப்பாக்களுக்கு இது. ராத்திரி போனை குழந்தை கையில குடுக்காம அதுல டார்ச்சை மட்டும் ஆன் பண்ணிட்டு ரூம் லைட்டை அணைச்சிடுங்க, வெறும் செவுரு இருந்தா போதும், கையாலயே நிழல் காட்டலாம். டியூப் லைட்ல இது சரியா வராது, வெளிச்சம் நீளமா பரவி வர்றதால நிழலோட ஓரம் மங்கிடும், டார்ச்ல கிட்டத்தட்ட ஒரே புள்ளியிலேர்ந்து வர்றதால பளிச்சுன்னு விழும். கையை டார்ச் பக்கம் கொண்டுபோனா நிழல் பெருசாகும், செவுரு பக்கம் போனா சின்னதாகி இன்னும் தெளிவாயிடும், இதை வச்சே குட்டி நாய் வளந்து பெரிய நாயாச்சுன்னு கதை சொல்லலாம்.

நாய்க்கு ரெண்டு உள்ளங்கையையும் சேத்து பக்கவாட்டுல நீட்டி கட்டைவிரலை மேல தூக்குங்க, அது காது. சுண்டுவிரலை கீழ இறக்கி ஏத்துனா வாய் திறந்து மூடும். என் பொண்ணு அந்த நிழல் வாய்க்குள்ள தன் விரல் நிழலை விட்டுட்டு "கடிச்சிருச்சுப்பா"ன்னு கத்துவா பாருங்க, அதுக்காகவே எப்படா ராத்திரி ஆகும்னு இருக்கும் எனக்கு!

2019-ல உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் 2 வயசுக்குள்ள ஸ்கிரீனே வேண்டாம், 2லேர்ந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாதுங்கறதுதான்.

டார்ச் வெளிச்சம் குழந்தை கண்ணுல நேரா படாம பாத்துக்கங்க, போனை ஷெல்ஃப் மேல சாய்ச்சு வைங்க, மறக்காம ஏரோபிளேன் மோடு போட்டுடுங்க, நடுவுல கால் வந்தா வர்ற தூக்கமும் போயிடும்.