ஆத்துத் தண்ணி வடியறதுக்குள்ள: வெள்ளச் சேதத்துக்கும் அரசின் தாமதத்துக்கும் கணக்கு வைப்பது எப்படி

காவிரி வெள்ளம் சொல்லாமல் வருவதில்லை. கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறந்துவிட்ட தண்ணீரை மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். மேட்டூர் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டுவிட்டால், வருகிற தண்ணீர் அப்படியே கீழே போகும். உபரி நீரை வெளியேற்றும் 16 கண் மதகும் திறக்கும். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று ஒவ்வொரு கதவணையாகத் தாண்டித்தான் பவானி கூடுதுறைக்கும், குமாரபாளையம், பள்ளிபாளையம் கரைத் தெருக்களுக்கும் அது ஏறுகிறது. 2018 ஆகஸ்டில் இந்தத் தெருக்கள் முழுகின. அடுத்த முறை முழுகும்போது ‘எதிர்பாராத வெள்ளம்’ என்று எந்த அமைச்சர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் வருவது உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரியும், எங்கள் தெருவில் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கையில் எழுத்து வேண்டும்.

தெரு நோட்டு

ஆடிப்பெருக்குக்கு முன்பே, தெருவில் உறுதியான ஒரு சுவரில் தரையிலிருந்து அரை அடிக்கு ஒரு கோடாக ஆறு அடி வரை ஆயில் பெயிண்டில் போட்டுவிடுங்கள். தண்ணீர் வந்தபிறகு இறங்கி அளக்கக் கூடாது. மாடியிலிருந்தே படிக்கத் தெரிய வேண்டும். எழுத இரண்டு பேர் போதும், ஒருவர் தூங்கும்போது மற்றவர் பார்க்க. நோட்டு இப்படி இருக்க வேண்டும்:

காலை 6.10 – படித்துறையில் மூன்று படி மிச்சம். மேட்டூர் திறப்பு எத்தனை கனஅடி என்று செய்தியில் சொன்னார்கள் (நேரத்தோடு).
7.40 – கோயில் சுவரில் 1 அடி.
9.05 – நகராட்சி ஆட்டோ மைக்கில் ‘மேட்டுக்குப் போங்க’ என்றது. இதற்கு முன் யாரும் வரவில்லை.
9.30 – மின்சாரம் நிறுத்தம்.

மேட்டூரில் திறப்பை ஏற்றிய நேரத்தையும் உங்கள் சுவரில் ஒரு அடி ஏறிய நேரத்தையும் கழித்துப் பாருங்கள். உங்கள் தெருவுக்கு எத்தனை மணி நேர அவகாசம் இருந்தது என்பது தெரிந்துவிடும். பவானி ஆறும் அதே நாளில் பெருகியிருந்தால் கணக்கு மாறும் என்பதால் பவானிசாகர் அணைத் திறப்பையும் எழுதுங்கள்.

தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். 2022-26 காலத்துக்கான மத்திய நிவாரண விதிப்படி, இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் சூழ்ந்து நின்ற வீட்டுக் குடும்பத்துக்குத் துணிமணிக்கு 2,500 ரூபாய், பாத்திரம் பண்டங்களுக்கு 2,500 ரூபாய் உண்டு. கணக்கெடுப்புக்கு வருகிறவர் நான்கு நாள் கழித்து வந்து, காய்ந்த தரையைப் பார்த்து ‘ஒரு நாள்’ என்று எழுதிவிட்டால் அந்தத் தொகை போச்சு. நோட்டைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.

படம் எடுக்கும் முறை

சேற்றை வழித்துவிட வேண்டும் என்றுதான் கை பரபரக்கும். அதற்குமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வாசலில் கதவு எண் தெரிய ஒரு படம். சுவரில் தண்ணீர்க் கறை தெரிய, பக்கத்தில் டேப் பிடித்து ஒரு படம். விரிசல் விட்ட சுவர் முழுவதும் ஒரே படத்தில். இந்த விரிசலில்தான் வம்பே. அதே 2022-26 விதியில், முழுதும் இடிந்த பக்கா வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய். பகுதிச் சேதத்துக்கு 6,500 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். ஒற்றைச் சொல்லில் அவ்வளவு வித்தியாசம். அடித்தளம் இறங்கிய, குடியிருக்க முடியாத வீட்டையும் நின்றுகொண்டிருக்கிறது என்பதால் ‘பகுதி’ என்று எழுதிவிடுகிறார்கள். பொறியாளர் பார்வைக்கு உடனே எழுதிக் கேளுங்கள்.

தறிப்பட்டறையில் மோட்டார் பிளேட் எண், நனைந்த பாவு பீம், நூல் மூட்டை மூன்றையும் எடுங்கள். விதிப்பட்டியலில் கைத்தறிக் கருவிக்கும் மூலப்பொருளுக்கும் தொகை உண்டு. விசைத்தறிக்கென்று தனித் தலைப்பு இல்லை. இந்தப் பகுதியின் பிழைப்பே விசைத்தறிதான் என்று தெரிந்தும் இப்படி இருப்பது சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டுத் தீர்க்க வேண்டிய குறை. மனுவில் இதைத் தனிப் பத்தியாக வையுங்கள்.

லைன் வீட்டில் குடியிருக்கும் தறித் தொழிலாளிகள்தான் பட்டியலில் அதிகம் விடுபடுகிறவர்கள். ரேஷன் கார்டு வேறு வார்டில் இருக்கும், வாடகைக்குச் சீட்டு இருக்காது. கேஸ் புத்தகம், பிள்ளையின் பள்ளி அடையாள அட்டை, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். நிவாரணம் குடும்பத்துக்குத்தான், வீட்டு உரிமையாளருக்கு மட்டும் இல்லை.

கரையில் வாழை, மஞ்சள், கரும்பு வைத்தவர்களுக்கு 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று பதிவாக வேண்டும். அதே 2022-26 விதியில் பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய், உச்சவரம்பு 2 எக்டேர். அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) நடப்புப் பயிர் ஏறியிருக்கிறதா என்று வெள்ளத்துக்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். பயிர்க் காப்பீடு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

யாரிடம் கேட்பது

குமாரபாளையமும் பள்ளிபாளையமும் நாமக்கல் மாவட்டம். எதிர்க்கரையில் பவானியும் கருங்கல்பாளையமும் ஈரோடு. மேட்டூர் சேலம். ஒரே தண்ணீருக்கு மூன்று கலெக்டர்கள், பாதித் தாமதம் இங்கேதான். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி கலெக்டர்தான் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர். மனுவில் அந்தப் பொறுப்பைக் குறிப்பிட்டே எழுதுங்கள். திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

பிறகு தகவல் உரிமை மனு: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிலுக்கு 30 நாள். ‘ஏன் தாமதம்?’ என்று எழுதினால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள்:

– இன்ன தேதிகளில் மேட்டூரிலிருந்து வந்த வெள்ள எச்சரிக்கைகளின் நகல், பெற்ற நேரத்தோடு.
– அதைத் தாலுகாவுக்கும் நகராட்சிக்கும் அனுப்பிய நகல், நேரத்தோடு.
– மாவட்டப் பேரிடர்த் திட்டத்தில் எங்கள் வார்டுக்குரிய பக்கங்களும், கடைசியாகப் புதுப்பித்த தேதியும். ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சட்டம் சொல்கிறது.
– முகாம்வாரியாகத் தங்கியவர் எண்ணிக்கை, செலவு.

பதில் வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதிலில் வந்த நேரங்களை உங்கள் நோட்டோடு பக்கத்தில் பக்கமாக வைத்து ஒரே தாளில் எழுதுங்கள்.

தலைவர்கள் வேட்டியும் அரிசியும் கொடுத்துத் தடுப்புச்சுவர் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்ன தேதி, இடம், எத்தனை மீட்டர் என்பதை அதே நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மதிப்பீடு தயாரா, அரசாணை எண் என்ன, நிதி ஒதுக்கீடு எந்த ஆண்டில் என்று அடுத்த மனு. கிராமமாக இருந்தால் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக ஏற்றி, தீர்மான நகலை அன்றைக்கே கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டிவையுங்கள்.