கொடைக்கானல் வீட்டைப் பூட்டிவிட்டு வரும் முன்

மதுரையில் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை போதும். ஆனால் கொடைக்கானலில் வீடு வாங்கி விடுமுறைக்கு மட்டும் போய்வரும் நம் ஊர்க்காரர்கள், டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே புல்வெளியே வெளுத்துப்போகும் அளவுக்கு உறைபனி இறங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால், வெளிச்சுவரில் ஓடும் குழாயில் தேங்கிய நீர் உறைந்தால் குழாயோ இணைப்போ விரிசல் விடலாம். பூட்டிய வீட்டில் அந்தக் கசிவைப் பார்க்க ஆளும் இருக்காது.

ஆகவே, புறப்படும் நாளில் மேல்தொட்டியின் வால்வை மூடிவிட்டு, தோட்டத்துக் குழாய் உட்பட எல்லாவற்றையும் திறந்து, கடைசிச் சொட்டு வடியும்வரை பொறுத்திருங்கள். கீசரின் சுவிட்சை முன்னதாகவே அணைத்து, ஆறிய பிறகு அதன் நீரையும் வடித்துவிடுங்கள். திரும்பி வந்ததும், சுடுநீர்க் குழாயில் தண்ணீர் சீராக விழுவதைக் கண்ணால் பார்க்காமல் சுவிட்சைப் போடவே கூடாது. நீரில்லாத கீசரில் சூடேற்றும் கம்பி எரிந்துபோகும்.

தங்கியிருக்கும்போதே குழாய் உறைந்துவிட்டால், தயவுசெய்து தீ காட்டாதீர்கள். குழாயைத் திறந்துவைத்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வாய்ப்பகுதியிலிருந்து பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே போங்கள்.