ஐபான் எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஜெர்மன் வங்கிக் குறியீட்டைப் படிப்பது எப்படி?

ஜெர்மனியில் இன்றும் சில பழைய படிவங்களிலும் கணக்கு மென்பொருள்களிலும் ‘பாங்க்லைட்சால்’ என்றொரு கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வங்கிக்கும் வழங்கப்பட்ட எட்டு இலக்கக் குறியீட்டை அதில் நிரப்ப வேண்டும். 1970களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில் அறிமுகமான இக்குறியீட்டைப் பணம் அனுப்புவதற்குத் தனியாக எழுதும் வழக்கம் 2016 பிப்ரவரி 1ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. ஆனால் குறியீடு மறைந்துவிடவில்லை. ஐபான் எனப்படும் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்ணுக்குள் அப்படியே குடியேறிவிட்டது.

முதல் படி, ஐபானைப் பிரித்துப் பார்ப்பது. ஜெர்மன் ஐபானில் இடைவெளிகளை நீக்கினால் சரியாக 22 குறிகள் இருக்கும். விளக்கங்களில் மாதிரியாகப் பரவலாகக் காட்டப்படும் எண்ணையே எடுத்துக்கொள்வோம்: டிஇ89 3704 0044 0532 0130 00. ‘டி’, ‘இ’ ஆகிய இரண்டு ஆங்கில எழுத்துகள் நாட்டையும், 89 சரிபார்ப்பு இலக்கங்களையும், அடுத்த எட்டு இலக்கங்கள் வங்கியையும், கடைசிப் பத்து இலக்கங்கள் கணக்கையும் குறிக்கின்றன. நான்கு நான்காகப் பிரித்து எழுதும்போது, இரண்டாம் மூன்றாம் தொகுதிகளைச் சேர்த்தாலே வங்கிக் குறியீடு கிடைத்துவிடும் என்பது வசதியான தற்செயல். இங்கே அது 37040044.

இரண்டாம் படியில், அந்த எட்டு இலக்கங்களைப் பழைய வழக்கப்படி 370 400 44 என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் வட்டாரத்தைச் சொல்கிறது. 1 என்றால் பெர்லினும் அதைச் சூழ்ந்த வடகிழக்கும், 2 என்றால் ஹாம்பர்க் உள்ளிட்ட வடக்கு, 3 ரைன்லாந்து, 4 வெஸ்ட்ஃபாலியா, 5 ஃபிராங்ஃபர்ட் அமைந்துள்ள ஹெஸ்ஸனும் அதன் மேற்கிலுள்ள மாநிலங்களும், 6 பாடன்-வூர்ட்டம்பெர்க், 7 பவேரியா, 8 சாக்சனி, துரிங்கியா முதலிய கிழக்கு மாநிலங்கள். முதல் மூன்று இலக்கங்களைச் சேர்த்துப் படித்தால் ஊர் தெரியும். 370 என்பது கொலோன் நகரம்.

நான்காம் இலக்கம்தான் எனக்கு மிகவும் சுவையானது, ஏனெனில் அது வங்கியின் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 0 மத்திய வங்கியான புண்டஸ்பாங்கையும், 4 கொமெர்ஸ்பாங்கையும், 5 ஸ்பார்காஸ எனப்படும் சேமிப்பு வங்கிகளையும், 6, 9 ஆகியவை கூட்டுறவு வங்கிகளையும், 7 டாய்ச்ச பாங்கையும் குறிக்கின்றன. 2009இல் கொமெர்ஸ்பாங்குடன் இணைந்து பெயரை இழந்த டிரெஸ்ட்னர் பாங்கின் அடையாளம் 8. ஆகவே நம் மாதிரி எண் கொலோனிலுள்ள கொமெர்ஸ்பாங்குக்குரியது. ஊர் எண்ணை வைத்து வாடிக்கையாளரின் இருப்பிடத்தை மட்டும் ஊகித்துவிடாதீர்கள்: மியூனிக்கில் வசிப்பவர் ஃபிராங்ஃபர்ட்டின் இணையவழி வங்கியான ஐஎன்ஜியில் கணக்கு வைத்திருந்தால், அவருடைய குறியீடு 5இல்தான் தொடங்கும். உறுதியான விடை வேண்டுமானால், புண்டஸ்பாங்க் தன் இணையதளத்தில் வெளியிட்டு அவ்வப்போது புதுப்பிக்கும் குறியீட்டுப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

மூன்றாம் படி, தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிப்பது. ஐபானின் முதல் நான்கு குறிகளைக் கடைசிக்கு நகர்த்தி, ‘டி’க்குப் பதில் 13, ‘இ’க்குப் பதில் 14 என்று இட்டால் 370400440532013000131489 என்ற நீண்ட எண் வரும். அதை 97ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். சாதாரணக் கணிப்பானில் இவ்வளவு நீளமான எண் அடங்காது என்பதால் துண்டு துண்டாக வகுக்கலாம்: 370400440ஐ வகுத்தால் மீதி 23; அதன் பின்னால் அடுத்த ஏழு இலக்கங்களை ஒட்டி 235320130ஐ வகுத்தால் மீதி 70; மறுபடி ஏழு இலக்கங்களை ஒட்டி 700013148ஐ வகுத்தால் மீதி 38; எஞ்சிய 9ஐ ஒட்டி 389ஐ வகுத்தால் மீதி 1. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய ரசீதிலுள்ள கணக்கு எண்ணையும் வங்கிக் குறியீட்டையும் கொண்டு நீங்களே ஐபான் தயாரிக்க முயல வேண்டாம். பத்து இலக்கத்துக்குக் குறைவான கணக்கு எண்ணின் முன்னால் சுழியங்களைச் சேர்ப்பது பொதுவான முறைதான்; ஆனால் சில வங்கிகளில் துணைக்கணக்குக்கான இரண்டு இலக்கங்களை எண்ணின் பின்னால் சேர்க்க வேண்டியிருக்கும், வங்கிகள் இணைந்தபோது குறியீடே மாறியிருக்கவும் கூடும். சரிபார்ப்பு இலக்கங்களை நீங்களே கணக்கிட்டு எழுதுவதால், தவறான ஐபானும் 97 சோதனையில் தேறிவிடும். பணம் பெறுபவரிடமே ஐபானைக் கேட்டு வாங்குங்கள். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ வட்டார வங்கிகள், பணத்தை அனுப்புவதற்கு முன் பெறுபவரின் பெயரும் ஐபானும் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளன. பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை திரையில் தோன்றினால், உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தாமல் அவரிடம் மீண்டும் கேளுங்கள்.